நைனா சேமிக்காத கடிதம்

புனே,
8 ஜூலை 2024

அக்காவுக்கு,

கிங்ஸ்லி எழுதுகிறேன். போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே நாம் இரண்டு பேரும் கத்த ஆரம்பித்துவிடுகிறோம். நைனாவின் அடக்கத்தன்று வாசலில் நின்று கத்தியதைத் திருத்தணியில் பாதிப் பேர் கேட்டிருப்பார்கள். அதனால்தான் தபாலில் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. நைனாவின் கம்ப்யூட்டரைத் தொடாதே. துடைக்கிறேன், தூசி தட்டுகிறேன் என்று எந்தப் பட்டனையும் அழுத்திவிடாதே.

பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையிலிருந்து அல்தாஃப் நேற்று பேசினான். "மச்சான், உங்க நைனா ஒரு வாரத்துக்கு மேல உனுக்குத்தான் லெட்டர் அடிச்சுகினு இருந்தாரு. வியாழக்கிழமை பென்டிரைவ்ல எடுத்துகினு வரேன், பிரிண்ட் போட்டுக் குடுன்னு சொல்லி வெச்சாரு. உனுக்கு வந்துச்சா?" என்று கேட்டான். அந்த வியாழக்கிழமை காலையில்தான் நைனா போனார். எனக்கு எங்கிருந்து வரும்?

இரண்டு வருஷம் என்னோடு ஒரு வார்த்தை பேசாத மனிதர் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். உனக்குத் தெரியாமல் இருந்திருக்காது. அடக்கத்தன்று நீ சொல்லவில்லை. அதற்குப் பிறகும் சொல்லவில்லை.

நைனா கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்யவே மாட்டார், உனக்கே தெரியும். கீபோர்டில் நிலாப் படம் போட்ட பட்டனை அழுத்தித் தூங்க வைத்துவிட்டு எழுந்து போவார். தூங்குகிற மெஷின், திரையில் திறந்து வைத்ததை எல்லாம் அப்படியே தற்காலிக நினைவில் பிடித்துக்கொண்டிருக்கும். அதற்குக் கொஞ்சம் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கரண்ட் நின்றால், சேமிக்காத எழுத்து அந்த நிமிஷமே போய்விடும்.

ஆகவே மூன்று விஷயம் பார்த்து எழுது. முன்பக்கத்து சின்ன விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கிறதா? யூ.பி.எஸ். ஓடுகிறதா? நைனா வேர்டில் அடித்தாரா, நோட்பேடிலா?

கிங்ஸ்லி


திருத்தணி,
15 ஜூலை 2024

தம்பி கிங்ஸ்லிக்கு அக்கா கெசியா எழுதுவது.

மூன்று கேள்வி கேட்டிருக்கிறாய். மூன்றும் கம்ப்யூட்டரைப் பற்றி. அந்த வீட்டில் தனியாக எப்படி இருக்கிறாய், சாப்பிட்டாயா என்று நாலாவதாக ஒன்று கேட்கக் காகிதத்தில் இடம் இல்லை போலிருக்கிறது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு வந்தாய். ஐந்து மணிக்குக் கல்லறைக்கு எடுத்தோம். ஏழு மணிக்கு அரக்கோணத்தில் ரயில் ஏறிவிட்டாய். நைனாவைக் கண் ஆபரேஷனுக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். சொட்டு மருந்து ஒரு நாளைக்கு ஆறு வேளை நான்தான் விட்டேன். அதற்காகக் கனகம்மாசத்திரம் பள்ளிக்கூடத்தில் பதினெட்டு நாள் லீவு போட்டேன். இதை எல்லாம் சொல்லிக் காட்டக் கூடாது என்றுதான் நினைத்திருந்தேன். "உனக்குத் தெரியாமல் இருந்திருக்காது" என்று நீ எழுதிய பிறகு எதற்கு நினைக்க வேண்டும்?

நீ கேட்டதற்குப் பதில். விளக்கு மினுக்கவில்லை. யூ.பி.எஸ். நின்றுவிட்டது. நைனா அடித்தது அந்த வெறும் வெள்ளைப் பக்கத்தில், நோட்பேடு என்கிறாயே, அதில்தான். கண் ஆபரேஷனுக்குப் பிறகு அவருக்காக அல்தாஃப் எழுத்தைப் பெரிசாக்கிக் கொடுத்திருந்தான். ஒரு எழுத்து எலுமிச்சம்பழம் அளவுக்கு இருக்கும்.

சேமித்திருக்க மாட்டார். முப்பத்தொரு வருஷம் ரயில்வே ஆபீசில் ஃபைல் கட்டினவர் அவர். "முடியாத லெட்டர ஃபைல்ல வெக்கக் கூடாதும்மா, அப்புறம் அதுதான் லெட்டருன்னு ஆயிடும்" என்பார். எழுதி முடித்துப் படித்துப் பார்த்து, கையெழுத்துப் போடலாம் என்று தோன்றினால்தான் சேமிப்பார். அதுவரைக்கும் நிலா பட்டன்தான்.

என்ன எழுதினார் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

நான் சாப்பிடுகிறேன். உன் மனைவி தபஸ்ஸுமையும் குழந்தையையும் கேட்டதாகச் சொல்.

கெசியா


புனே,
20 ஜூலை 2024

அன்புள்ள அக்கா,

சாப்பிட்டாயா என்று கேட்காதது தப்பு. லீவு போட்டதும் சொட்டு மருந்து விட்டதும் எனக்குத் தெரியாது. யார் சொன்னார்கள்? நானே கேட்டிருக்க வேண்டும் என்று நீ முணுமுணுப்பது இங்கே வரைக்கும் கேட்கிறது. சரி, கேட்டிருக்க வேண்டும்.

நோட்பேடு என்பதுதான் சிக்கல். வேர்டாக இருந்தால் பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை அதுவாகவே ஒரு நகல் எடுத்து வைத்திருக்கும். நைனாவிடம் இருக்கும் பழைய நோட்பேடு அப்படி எதுவும் செய்யாது.

ஆனாலும் விளக்கு அணைந்துவிட்டது என்பதால் எல்லாம் முடிந்தது என்று அர்த்தம் இல்லை. தூக்கத்தில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று நான் சொன்னது, ஸ்லீப். இன்னொன்றுக்கு ஹைபர்னேட் என்று பெயர். அதில் மெஷின் திறந்திருந்ததை எல்லாம் ஹார்ட் டிஸ்கில் எழுதி வைத்துவிட்டு முழுசாக அணைந்துவிடும். பிளக்கைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டு ஆறு மாதம் கழித்துத் திறந்தாலும் விட்ட இடத்தில் இருந்து தொடங்கும். வீட்டு டெஸ்க்டாப்புகள் கடையிலிருந்து வரும்போதே இரண்டும் சேர்ந்தமாதிரிதான் அமைந்திருக்கும். நிலா பட்டனை அழுத்தினால் நினைவிலும் வைக்கும், டிஸ்கிலும் ஒரு நகல் எழுதும். கரண்ட் போனாலும் அந்த நகல் இருக்கும்.

ஆகவே யூ.பி.எஸ்.ஸைப் போடு. கம்ப்யூட்டரின் பவர் பட்டனை ஒரே ஒரு தடவை அழுத்து, பிடித்துக்கொண்டே இருக்காதே. 'விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறது' என்ற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தால் நைனாவின் எழுத்து அங்கேயே இருக்கும். உடனே போட்டோ எடுத்துவிடு. கம்பெனிப் பெயர் வந்து, பாஸ்வேர்டு கேட்டு, வெறும் படம் மட்டும் வந்தால் இல்லை என்று அர்த்தம்.

எனக்கு ஏன் இது இவ்வளவு முக்கியம் என்று நீ நினைக்கலாம். இவானுக்கு ஆறு மாதம் இருக்கும்போது அங்கே தூக்கிக்கொண்டு வந்தேன், நீ பக்கத்தில்தான் நின்றாய். நைனா குழந்தையைப் பார்க்காமல் "ஞானஸ்நானம் எப்போ?" என்றார். அவன் வளர்ந்து அவனே முடிவு செய்யட்டும் என்று நானும் தபஸ்ஸுமும் பேசி வைத்திருக்கிறோம் என்றேன். பேராவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். கையைத் தூக்கி நிறுத்தினார். "ஞானஸ்நானம் இல்லாம பேரு ஏதுடா? சொல்லாத. தூக்கினு போ." அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது.

அதை நான் கடைசிப் பேச்சாக வைத்துக்கொண்டு எத்தனை வருஷம் வாழ முடியும்? அவர் மனசு மாறியிருந்தால் எனக்கு அது தெரிய வேண்டும். மாறவில்லை என்றாலும் தெரிய வேண்டும்.

அழுத்திப் பார்த்து எழுது.

கிங்ஸ்லி


திருத்தணி,
2 ஆகஸ்ட் 2024

அன்புள்ள தம்பி,

ஆடிக் கிருத்திகைக்குக் காவடி வந்ததில் நம் தெருவில் ஒரு வாரமாக ஆள் நடக்க இடம் இல்லை. தபால்காரர் உன் கடிதத்தை நேற்றுதான் கொடுத்தார் என்று எழுதலாம் என்று பார்த்தேன். உண்மையில் போன வெள்ளிக்கிழமையே கொடுத்துவிட்டார். நான்தான் எழுதவில்லை.

பட்டனை இன்னும் அழுத்தவில்லை. அதற்கு முன்னால் உனக்கு ஒன்று தெரிய வேண்டும். கரண்ட் தானாகப் போகவில்லை. நான்தான் பிளக்கைப் பிடுங்கினேன்.

நீ புனேவில் ரயில் ஏறிவிட்டேன் என்று செய்தி அனுப்பினாய். மறுநாள் மத்தியானம் வரைக்கும் நைனாவை வைத்திருக்க வேண்டும். ஜூன் மாத வெயில். ஐஸ் பெட்டி வரவழைத்தோம். கூடத்தில் வைத்தார்கள், பெட்டிக்காரர் ஒயரை எடுத்துக்கொண்டு சுவரைச் சுற்றிப் பார்த்தார். "அக்கா, ஒயரு எட்டல. எக்ஸ்டென்ஷன்ல போட்டா கம்ப்ரசர் தாங்காது, பாதியில நின்னா அப்புறம் என்னச் சொல்லக் கூடாது. அந்தப் பெரிய பிளக்குல இன்னா மாட்டிக்கீது, எடுத்துரலாமா?" என்று கேட்டார். கூடத்தில் பெரிய பிளக் அது ஒன்றுதான். யூ.பி.எஸ். மாட்டியிருந்தது. "ஆங், எடுத்துருங்க" என்றேன். அவர் பெட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தார், அதனால் நானே போய்ப் பிடுங்கினேன்.

கம்ப்யூட்டர் விளக்கு அப்போது மினுக்கிக்கொண்டுதான் இருந்தது. நான் பார்த்தேன்.

பிடுங்கியதும் யூ.பி.எஸ். கத்த ஆரம்பித்தது. அது எப்படிக் கத்தும் என்று உனக்குத் தெரியும். நைனா எப்போதும் ஒன்று சொல்வார், "நான் எங்க இருந்தாலும் சரி, அது கத்துனா என்னக் கூப்புடு." தோட்டத்தில் இருந்தாலும் ஓடி வருவார். நான் அங்கேயே நின்றேன். அது கத்துகிறது, நான் கூப்பிட வேண்டும், அவர் பெட்டிக்குள் இருக்கிறார். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. போதகர் சங்கீதம் வாசிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். யாரோ "அந்த சத்தத்த நிறுத்தும்மா" என்றார்கள். குனிந்து பட்டனை அழுத்தினேன். சத்தம் நின்றது, விளக்கும் நின்றது.

உன் கடிதம் அதற்குள் இருந்தது என்று தெரிந்தேதான் அழுத்தினேன். நீ வந்து அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றால் அந்தப் பெட்டிக்குக் கரண்ட் வேண்டும். அப்போது எனக்கு முகம்தான் பெரிசாகப் பட்டது. உனக்கு எது பெரிசாகப் பட்டிருக்கும் என்று கேட்க நேரம் இல்லை.

நீ சொல்கிற டிஸ்க் நகல் இருந்தால் நான் செய்தது ஒன்றும் ஆகாது. இல்லாவிட்டால் அதைக் கொன்றது நான்தான். அதனால்தான் பட்டனை அழுத்தக் கை வரவில்லை.

கெசியா


புனே,
9 ஆகஸ்ட் 2024

அக்கா,

நீ எதையும் கொல்லவில்லை. இதைப் படித்துவிட்டு அப்புறம் பட்டனை அழுத்து.

அன்றைக்கு, குழந்தையோடு வந்த அன்றைக்கு, காலையில், அந்த ஞானஸ்நானப் பேச்சுக்கு முன்னால், நைனா சர்ச்சுக்குப் போகக் கிளம்பிக்கொண்டிருந்தார். வரவேற்பு சரியில்லை என்று எனக்குத் தெரியும், கை சும்மா இருக்கவில்லை, அவர் கம்ப்யூட்டரைத் திறந்து சுத்தம் செய்தேன். டிஸ்க் நிரம்பி வழிந்தது. சர்ச் போட்டோ, அம்மாவின் நினைவுக் கூட்டத்து வீடியோ, எதையும் அழிக்க முடியாது. ஹைபர்னேட்டுக்காக ஒரு பெரிய ஃபைல் மூன்று ஜி.பி. இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. கறுப்புத் திரையைத் திறந்து ஒரு வரி அடித்தேன். ஹைபர்னேட் போய்விட்டது, மூன்று ஜி.பி. இடமும் கிடைத்தது. எங்கள் ஆபீசில் நாள் முழுக்க இதைத்தான் செய்கிறேன்.

நைனா சட்டைக்குப் பட்டன் போட்டுக்கொண்டே "இன்னாடா எடுக்கற?" என்று கேட்டார். "உங்களுக்குத் தேவையில்லாதது நைனா. யூ.பி.எஸ். இருக்குதே, கரண்ட் போனாலும் உங்களுக்கு ஒன்னும் ஆவாது" என்றேன். அவரும் தலையாட்டினார். அதை எடுத்தால் அந்த டிஸ்க் நகலும் சேர்ந்து போய்விடும். அப்போது அதைப் பற்றி யோசிக்கவே இல்லை.

உனக்குப் போன கடிதம் எழுதும்போது இது எனக்கு ஞாபகம் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. வேறு யாருடைய மெஷினிலோ செய்தேன் என்று என்னையே நம்ப வைத்துக்கொண்டேன். உன்னையும் பதினைந்து நாள் நம்ப வைத்தேன். மன்னித்துவிடு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீ எனக்காக வைத்திருந்த முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை. பெட்டிக் கண்ணாடியில் ஈரம் படிந்திருந்தது, யாரோ துண்டால் துடைத்து "வந்து பாரு கிங்ஸ்லி" என்றார்கள். நான் அவர் காலைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். முகத்தைப் பார்த்தால் "தூக்கினு போ" என்று சொன்ன வாய் தெரியும் என்று பயம்.

கடிதமும் போயிற்று, முகமும் போயிற்று. அக்கா, உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். எட்டிப் பார்க்கவில்லை என்று எழுதியிருந்தாய். எலுமிச்சம்பழம் அளவு எழுத்து என்றும் எழுதியிருந்தாய். அந்தக் கூடத்தில் போகும்போது வரும்போது ஒரு வரியாவது கண்ணில் பட்டிருக்காதா?

கிங்ஸ்லி


திருத்தணி,
17 ஆகஸ்ட் 2024

அன்புள்ள தம்பிக்கு,

பட்டனை அழுத்தினேன். கம்பெனிப் பெயர் வந்தது, பாஸ்வேர்டு கேட்டது, பச்சை மலைப் படம் வந்தது. வேறு ஒன்றும் இல்லை. இந்தத் தடவை முறையாக ஷட்டவுன் செய்தேன்.

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். முதலில் எழுதியதில், நைனா இரண்டு பக்கம் எழுதியிருந்தார், உன்னை மன்னித்துவிட்டார், குழந்தையைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார் என்று எழுதியிருந்தேன். நீ நம்பியிருப்பாய். எனக்கும் லேசாக இருந்திருக்கும்.

நான் பார்த்தேன் கிங்ஸ்லி. எல்லாவற்றையும் பார்த்தேன். இரண்டு பக்கம் இல்லை, ஒரே ஒரு வரிதான் இருந்தது. 'அன்புள்ள கிங்ஸ்லிக்கும் தபஸ்ஸுமுக்கும்' என்று அடித்து, அதற்குப் பக்கத்தில் ஒரு இடம் விட்டு, அங்கேயே அந்தக் கோடு மினுக்கிக்கொண்டிருந்தது. ஒன்பது நாளும் அந்த ஒரு வரிதான்.

முதல் நாள் நான் சமையல்கட்டில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். கூடத்திலிருந்து கேட்டார், "கெசியா, அந்தப் பையனுக்கு இன்னாம்மா பேரு வெச்சிக்கிறாங்க?"

எனக்குத் தெரியும். குழந்தை பிறந்த அன்றே நீ செய்தி அனுப்பியிருந்தாய். அவருக்குத்தான் தெரியாது, சொல்லக் கூடாது என்று அவரே தடுத்ததால் இந்த வீட்டில் நான் அந்தப் பேரை உச்சரித்ததே இல்லை. அன்றைக்கு அவரே கேட்கிறார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அன்னிக்கு பேரே சொல்லாதன்னீங்களே நைனா. இப்ப வேணும்னா நீங்களே போன் போட்டு உங்க புள்ளையாண்டக் கேளுங்க."

அவர் உன்னோடு நேராகப் பேசட்டும் என்றுதான் சொன்னேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படி இல்லை. எனக்கு எரிந்தது. கூட இருந்து சொட்டு மருந்து விடுகிறவளுக்கு ஒரு நல்ல வார்த்தை கிடையாது, திரும்பிப் பார்க்காதவனுக்கு 'அன்புள்ள' என்று எலுமிச்சம்பழ எழுத்தில் போடுகிறார். அவர் பிறகு கேட்கவில்லை. தினமும் காலையில் கம்ப்யூட்டரை எழுப்புவார், அந்த வரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், நிலா பட்டனை அழுத்திவிட்டு எழுந்துவிடுவார். பேர் இல்லாமல் அடுத்த வரிக்குப் போக மாட்டார். மூன்று பேருக்கு எழுதுகிற கடிதத்தில் இரண்டு பேரை மட்டும் எழுதுகிற ஆள் இல்லை அவர்.

ஒரு நாள் "ரெண்டு வயசு தாண்டியிருக்கும் இல்ல?" என்று தானாகச் சொன்னார். அது என்னைக் கேட்டதுதான். நான் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன், காதில் விழாததுபோல இருந்தேன். புதன்கிழமை சாயங்காலம், "நாளைக்கு அல்தாஃப்கிட்ட கேட்டுக்கறேன், அவன் உன்ன மாதிரி இல்ல" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

மறுநாள் யூ.பி.எஸ். சத்தத்தை நிறுத்திவிட்டு நான் நைனாவின் பெட்டி மேல் குனிந்தேன். "இவான் நைனா. பேரு இவான்" என்று கண்ணாடியை ஒட்டியே சொன்னேன். பக்கத்து வீட்டுக் கௌரியம்மாள் நான் முத்தம் கொடுக்கப் போகிறேன் என்று நினைத்து என் தோளைப் பிடித்துக்கொண்டார்கள்.

உனக்குத் தெரிய வேண்டும் என்றாயே, அவர் மனசு மாறியிருந்தது. நான்தான் நடுவில் நின்றுவிட்டேன். என்னை ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் சொல்லிவிடு, பேசாமல் மட்டும் இருக்காதே.

உன் அக்கா
கெசியா


புனே,
5 செப்டம்பர் 2024

அக்கா,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. தபஸ்ஸும் படித்துவிட்டு அழுதாள். தன் பேரை நைனா எழுதியிருந்தார் என்பதை என்னிடம் நாலு தடவை வாசித்துக் காட்டினாள். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

ஒரு பேர் அக்கா. மூன்று எழுத்து. அரிசி களைந்துகொண்டே சொல்லியிருக்கலாம்.

நான் செய்ததற்கு நீ என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதனால் நானும் உன்னைத் திட்டாமல் இருப்பதுதான் நியாயம். நியாயம் புரிகிறது, மனசுதான் வரவில்லை. ஒன்றும் இல்லை, பரவாயில்லை என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். நீ எனக்குப் பொய் எழுதாமல் விட்டாய், நானும் எழுதக் கூடாது.

நைனாவுக்கு என் மேல் இருந்த கோபம் ஆற இரண்டு வருஷம் ஆகியிருக்கிறது. ஆறிய பிறகு அவருக்குக் கிடைத்தது ஒன்பது நாள். நானும் அவர் பிள்ளைதான், எனக்கு எவ்வளவு நாள் ஆகும் என்று தெரியவில்லை.

சர்க்கரை மாத்திரையை வேளை தவறாமல் போடு. கனகம்மாசத்திரம் பஸ்ஸில் படியில் நின்றுகொண்டு போகாதே. எனக்குக் கோபம் ஆறுகிறவரைக்கும் நீ உயிரோடு இரு.

கிங்ஸ்லி